வலியைக் கேட்டவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய நாளேடுகளைப் புரட்டும்போதெல்லாம் ஒரு சங்கடம் எனக்குள் சேர்ந்துகொண்டே வருகிறது. அந்த ஏடுகளின் முதற்பக்கத்தில் செய்தி கிடையாது. பக்கம் முழுக்க விளம்பரம். ஆறேழு பத்திகள், பொடி எழுத்து, பத்திக்கும் பத்திக்கும் நடுவே மெல்லிய கோடு. கப்பல் புறப்பாடு, இறங்கிய சரக்கு, ஏலம், வேலைக்கு ஆள் தேவை, காணாமற்போன குதிரை, மெழுகுவத்தி, கஞ்சிமாவு, துணிக்கு நீலம், கடுகுப்பொடி, மாத்திரை. செய்தி உள்ளே இருக்கிறது. அங்கே மகாராணி இருக்கிறார், தங்க வயல் இருக்கிறது, கம்பளி விலையும் சட்டசபைப் பேச்சும் குதிரைப் பந்தயமும் இருக்கின்றன. சாவும் உண்டு. ஆற்றில் மூழ்கியவர், சுரங்கம் சரிந்து நசுங்கியவர், அவர்கள்மீது நடந்த மரண விசாரணை எல்லாம் விரிவாகவே வரும். செத்த உடலுக்கு அந்தப் பக்கங்களில் இடம் இருந்தது. வலியோடு எழுந்து அடுப்பு மூட்டி, தண்ணீர் சுமந்து, மறுபடியும் வலியோடு படுக்கும் உடலுக்கு இல்லை. ஒரு பெண்ணுக்கு முதுகில் எந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது, படி ஏறினால் நெஞ்சு எப்படிப் படபடக்கிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே ஏன் குமட்டுகிறது என்று எழுதியவர்கள் மாத்திரை விற்றவர்கள் மட்டுமே. அவர்கள் விற்றதில் பெரும்பகுதி பொய். ஆனால் அவளிடம் போய்க் கேட்டவர்களும் அவர்கள்தாம். இந்த இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொள்வது எனக்குக் கடினமாக இருக்கிறது.

வீட்டுச் சாமான் விளம்பரங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒடாகோ டெய்லி டைம்ஸ் நியூசிலாந்தின் டனீடனில் 1861 நவம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதம்தான் கேப்ரியல் ரீட் அந்த மாகாணத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் தங்கம் கண்டிருந்தார். ஆட்கள் வந்து குவிந்தார்கள், பின்னாலேயே பெட்டிகளும் பீப்பாய்களும் வந்தன. இன்ன கப்பலிலிருந்து இறங்கியது என்று கப்பலின் பெயரைச் சொல்லித்தான் சரக்கைச் சொல்வார்கள். லண்டனிலிருந்து பாய்மரக் கப்பல் வந்து சேர மூன்று மாதம் போல ஆகும் என்பதால், எந்தக் கப்பல் என்பதே சரக்கின் வயதையும் சொல்லிவிடும். அரண்மனைச் சலவையகத்தில் பயன்படுவது என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கிளென்ஃபீல்ட் கஞ்சிமாவு, ரெக்கிட் நீலம், மூட்டைப்பூச்சிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கீட்டிங்ஸ் பொடி, எப்ஸ் கோக்கோ. ஈர மரச்சுவர் குடிசையில் சட்டைக் காலருக்குக் கஞ்சி போடும் ஒருத்தியிடம், ராணியின் துணிக்கும் இதே கஞ்சிதான் என்று சொல்வதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, ஆனால் அது அவளை ஏமாற்றவில்லை. கஞ்சி மொடமொடப்பாகத்தான் நிற்கும். அந்தப் பட்டியல்களை நான் மெதுவாகவே வாசிக்கிறேன். விட்டுவந்த ஊரின் மணம் பீப்பாய் பீப்பாயாக இறங்குவதை அவள் எப்படி வாசித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அதே பத்தியில் கண் இரண்டு அங்குலம் கீழே இறங்கினால் குரல் மாறிவிடுகிறது. அதுவரை பொருளைச் சொல்லிக்கொண்டிருந்த பக்கம் திடீரென்று உன்னைப் பார்த்துக் கேட்கிறது: இரவில் தூக்கம் இல்லையா?

தூக்கம் இல்லாத தாய்மாரைக் கேட்டது மிஸஸ் வின்ஸ்லோவின் சூதிங் சிரப். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பாங்கர் என்ற ஊரில் 1849இல் விற்பனைக்கு வந்த இனிப்புச் சாறு அது. பல் முளைக்கும் குழந்தை அழுது அழுது உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறதா, உடனே போய் ஒரு புட்டி வாங்கு, குழந்தை வலி நீங்கி இயல்பாகத் தூங்கும், விழிக்கும்போது முகம் தெளிந்து விழிக்கும் என்று தாய்மாருக்கு அறிவுரையாக அந்த விளம்பரம் பேசும். நியூசிலாந்து ஏடுகளில் அது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ ஒரே சொற்களில் வந்துகொண்டிருந்தது. சாற்றில் இருந்தது மார்ஃபின். கூடவே சாராயம். குழந்தை தூங்கியது உண்மை. சில குழந்தைகள் எழவில்லை. அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, உள்ளே இருப்பதைச் சீட்டில் எழுது என்று கட்டாயப்படுத்தும்வரை வாங்கியவளுக்கு அது தெரிய வழியில்லை. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் சேர்த்தது. இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் இளைஞனாக இருந்தபோது, 1878இல், காற்றிசைக் கருவிகளுக்கு எழுதிய ஒரு மெல்லிசைத் துண்டுக்கு இந்த மருந்தின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர் தாலாட்டாகக் கேட்கும் அளவுக்கு வீடுகளில் பழகியிருந்தது. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தத் தாயின் தனிமையை. நம் வீடுகளில் பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பது பாட்டியின் வேலை. வசம்பையும் சாதிக்காயையும் மாசிக்காயையும் கல்லில் எத்தனை இழைப்பு இழைப்பது என்பது அவள் கைக்குத் தெரியும். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர். அதிலும் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இழைத்துக் கொடுத்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டனீடனுக்குக் கப்பலேறி வந்தவளின் அம்மாவும் அத்தையும் உலகின் மறுகோடியில் இருந்தார்கள். அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மருந்து அறவே வேலை செய்யாது என்றிருந்தால் கோபப்படுவது எளிது. கோலிஸ் பிரவுனின் குளோரோடைனை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேய ராணுவ மருத்துவர் ஒருவர் காலராவுக்கென்று கூட்டிய மருந்து அது. அபினிச் சத்து, குளோரோஃபார்ம், கஞ்சா. இருமலா, நிற்கும். பேதியா, கட்டும். வலியா, மங்கும். தூக்கம் வரும். இவ்வளவும் உண்மையாகவே நடந்தது, ஏனென்றால் அபினி அதைத்தான் செய்யும். சளி, ஆஸ்துமா, கிராணி, காசநோய், வலிப்பு, பித்து என்று விளம்பரம் அடுக்கிய பட்டியலில் பாதி நோய்களை அது தொடக்கூட இல்லை, நோயாளிக்கு நோய் தெரியாமல் செய்தது. பிறகு குளோரோடைன் இல்லாமல் இருக்க முடியாதவர்களும் உருவானார்கள். 1864இல் யார் இதைக் கண்டுபிடித்தவர் என்று லண்டனில் ஒரு வழக்கு நடந்து, நீதிபதி பேஜ் உட், கோலிஸ் பிரவுன்தான் என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம் அதன்பின் பல பத்தாண்டுகள் காலனி நாளேடுகளில் விளம்பரமாக ஓடியது. யார் செய்தது என்பதைப் பற்றித்தான் நீதிமன்றம் பேசியது. மருந்து நல்லது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாகப் படிப்பவருக்குத் தோன்றினால் விற்றவருக்கு என்ன நஷ்டம்? இன்னொன்று, டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரை. கனடாவின் பிராக்வில் நகரத்து ஜார்ஜ் ஃபுல்ஃபோர்டு 1890இல் அதன் உரிமையை 53 டாலர் 1 சென்ட்டுக்கு வாங்கி உலகம் முழுக்க விற்றார். அதில் இரும்புச்சத்து இருந்தது. சோகை பிடித்து வெளுத்துக் கிடந்த இளம்பெண்கள் அதைத் தின்று தேறியிருக்கக்கூடும், தேறியும் இருப்பார்கள். அதே மாத்திரை பக்கவாதத்தையும் நடுக்குவாதத்தையும் தீர்க்கும் என்று அதே பத்தியில் அச்சாகியிருக்கிறது. உண்மையாகத் தேறிய ஒரு பெண்ணின் நன்றி, தேறவே முடியாத இன்னொருவரின் கடைசிக் காசைப் பிடுங்கப் பயன்பட்டது. அந்த நன்றியைப் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை. இதில் எங்கே கோடு கிழிப்பது?

மாத்திரையும் களிம்பும் விற்ற தாமஸ் ஹாலோவே பற்றி நினைக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கனத்துவிடுகிறது. 1837இல் களிம்போடு தொடங்கியவர். தொடக்க காலத்தில் விளம்பரக் கடனைக் கட்ட முடியாமல் சிறைக்கே போனவர். ஆனாலும் விளம்பரத்தை விடவில்லை. 1842இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு விளம்பரத்துக்குச் செலவிட்டவர், 1883இல் இறக்கும்போது ஆண்டுக்கு 50,000 பவுண்டு அளவில் செலவிட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பட்டமும் இல்லாமல் தன்னைப் புரொஃபஸர் என்று அழைத்துக்கொண்டார். இத்தாலியிலிருந்து ஆல்ட்பரோ பிரபு, ஈரலும் வயிறும் குணமானதாக 1845இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம் காலனி ஏடுகளில் வருடக்கணக்கில் வந்தது. அச்சுக்கோத்த எழுத்தைக் கலைக்காமல் வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் அதையே அடிப்பார்கள், அதனால் பிரபு ஒவ்வொரு வாரமும் புதிதாகக் குணமாகிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் சில்லறைத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் 1857, 1858 ஆண்டு பொறித்த ஹாலோவே செப்புக் காசுகள் புழங்கின. ஒரு பென்னி, அரைப் பென்னி. மகாராணியின் தலை இருக்க வேண்டிய பக்கத்தில் ஹாலோவேயின் தலை. ரொட்டி வாங்கிய மீதிக்குக் கையில் வந்து விழுந்த விளம்பரம். மாத்திரையில் இருந்ததோ மூசாம்பரமும் சுக்கும் சோப்பும் போன்ற சரக்குகள். நம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இன்றும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வயிறு கழியும். அவ்வளவுதான். அந்தப் பணத்தில் மனநோயாளிகளுக்கு ஒரு காப்பகமும், பெண்கள் உயர்கல்வி பெற ஒரு கல்லூரியும் அவர் கட்டினார். எகாம் ஊரில் உள்ள அந்தக் கல்லூரியை 1886இல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார். செங்கல்லும் வெள்ளைக் கல்லுமாக பிரெஞ்சு அரண்மனை ஒன்றின் சாயலில் எழுந்த கட்டடம். அங்கே படித்துப் போன பெண்களின் வாழ்க்கை விரிந்தது உண்மை. அந்த விரிவுக்கு ஒரு ஷில்லிங் ஒரு ஷில்லிங்காகக் கொடுத்தவர்களில், வயிற்று வலிக்கும் முதுகு வலிக்கும் மாத்திரை வாங்கிய, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரை அந்தக் கட்டடத்தில் எங்கும் எழுத முடியாது. கொடை என்று சொல்லும்போது கொடுத்தவர் யார் என்ற கேள்வியை நான் இங்கே விட்டுவிட மறுக்கிறேன்.

எல்லா விளம்பரமும் உரக்கப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில தாழ்ந்த குரலில் பேசின. நரம்புத் தளர்ச்சி, இளமைத் தவறுகள், எழுதிக் கேட்டால் முத்திரையிட்ட உறையில் ரகசியமாக அனுப்பப்படும். தமிழ் வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்ற அழைப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் உடனே அடையாளம் தெரியும். லாட்ஜில் இன்ன தேதி முகாம் என்ற அறிவிப்பு மட்டும்தான் அங்கே இல்லை. பெண்களுக்கான மாத்திரைகள் இன்னும் பூடகமாகப் பேசின. ஒழுங்கின்மையைச் சரிசெய்யும், தடையை நீக்கும் என்பார்கள். கருவுற்றிருக்கும் பெண்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று ஓர் எச்சரிக்கையும் சில விளம்பரங்களில் இருக்கும். யாருக்காக அந்த எச்சரிக்கை என்பது வாங்கியவளுக்கும் விற்றவனுக்கும் தெரியும். கருவைக் கலைக்க விரும்பியவள் அதைக் குற்றமாக்கிய சட்டத்தின்கீழ் வாழ்ந்தாள். அச்சில் அவளிடம் பேசத் துணிந்தவை இந்த நான்கு வரிகள் மட்டுமே. அந்தப் பேச்சுக்கு அவள் கொடுத்த விலை என்னவாக இருக்கும் என்பதை 1898இல் லண்டனில் நடந்த கிரைம்ஸ் சகோதரர் வழக்கு காட்டியது. அப்படி ஒரு மாத்திரையை விளம்பரம் செய்து, தபாலில் வாங்கிய ஆயிரக்கணக்கான பெண்களின் முகவரியைச் சேர்த்துவைத்துக்கொண்டு, குற்றம் செய்ததாக உன்மேல் வழக்கு வரும், இரண்டு கினி அனுப்பு என்று அத்தனை பேருக்கும் மிரட்டல் கடிதம் எழுதினார்கள் மூன்று சகோதரர்கள். பணம் அனுப்பிய பெண்கள் பலர். மாத்திரை என்ற பெயரில் விற்றவர்கள் வாங்கியது அந்தப் பெண்களின் பயத்தை. முதலில் விலைக்கு வாங்கி, பிறகு அதையே அவர்களிடம் திருப்பி விற்றார்கள். இந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து, ‘முத்திரையிட்ட உறை’ என்ற சொற்களை எந்த விளம்பரத்தில் கண்டாலும் எனக்கு நெஞ்சு கூசுகிறது.

நற்சாட்சிக் கடிதங்களைத்தான் நான் அதிக நேரம் வாசிக்கிறேன். 1890களில் அவை நீண்டு, செய்தியாளர் ஒருவர் வீட்டுக்கே போய்க் கேட்டு எழுதிய நேர்காணலாகவே மாறிவிட்டன. சிட்னியின் கிளெமென்ட்ஸ் டானிக் விளம்பரங்களில் பெண் பேசுவாள், கேள்வி கேட்பவர் இடைமறிப்பார், அவள் மறுபடி தொடங்குவாள். எத்தனை ஆண்டு தூக்கமில்லை, துணி துவைத்த மறுநாள் எழுந்திருக்கவே முடியாது, மயக்கம் வந்து அடுப்படியில் விழுந்தது, கணவன் பயந்தது, மருத்துவர் கைவிட்டது. கடைசியில், மேற்கண்டவை உண்மை என்று சட்டப்படி உறுதிமொழி அளித்து, நீதி அலுவலர் முன்னிலையில் கையெழுத்து. ஒரு சத்து மருந்தை விற்கச் சத்தியம் தேவைப்பட்டது என்பது பொய் எவ்வளவு பெருகியிருந்தது என்பதற்கு அடையாளம். ஆனால் இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கத் தோன்றுகிறது. சுரங்கத் தொழிலாளியின் மனைவி ஒருத்தி தன் உடம்பைப் பற்றி, அந்தரங்கமான சோர்வைப் பற்றி, முழுப் பெயரோடு, வாக்குமூலமாக, இரண்டு பத்தி நீளத்துக்குப் பேசி அது அச்சாகும் இடம் அந்தக் காலத்தில் வேறு எங்கே இருந்தது? நாவலில் மயங்கி விழுபவள் சீமாட்டி. மருத்துவ இதழில் அவள் வெறும் நோய். இங்கே அவள் துவைக்கிறாள், சுமக்கிறாள், விழுகிறாள், எழுகிறாள். அவளுடைய சொற்களை விளம்பரம் எழுதுபவர் தட்டிச் சரிசெய்திருப்பார், பல கடிதங்கள் முழுக்கவே அவர் மேசையில் பிறந்தவையாக இருக்கும். ஆனாலும் விளம்பரம் எழுதுபவரின் அலங்காரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் சில விவரங்கள் தட்டுப்படும். ஈரத் துணியைப் பிழியும்போது விரல் மரத்துப்போவது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிடுவது. விற்பதற்கு அவை தேவையே இல்லை. அங்கே நான் நின்றுவிடுகிறேன்.

அரசுகள் விழித்தபோது எதை முதலில் பார்த்தன என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. நியூசிலாந்து 1907இல் தோஹுங்கா ஒடுக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோஹுங்கா என்பவர்கள் மாவோரி மக்களின் வைத்தியர்கள், அறிவாளிகள், சடங்கு தெரிந்தவர்கள். அடுத்த ஆண்டுதான், 1908இல், பொய் மருத்துவ விளம்பரங்களுக்கு எதிரான போலி வைத்தியத் தடுப்புச் சட்டம். முதற்சட்டத்தை ஆதரித்தவர்களில் மாவோரியரே ஆன மருத்துவர் மாவுய் போமாரேவும் உண்டு. காய்ச்சல் கண்ட குழந்தைகளைக் குளிர்ந்த நீரில் முக்கிச் சாகவிட்டதைக் கண்டவர்களின் வேதனை அதில் இருந்தது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் மார்ஃபினைக் குழந்தைச் சாறு என்று முதற்பக்கத்தில் விற்றவர்களைவிட, ஒரு வரி விளம்பரம்கூடக் கொடுக்காத கிராமத்து வைத்தியர்கள் சட்டத்தின் கண்ணில் முன்னால் பட்டார்கள். நாளேடுகள் விளம்பரப் பணத்தில் வாழ்ந்தன. தோஹுங்கா யாருக்கும் பணம் கட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆக்டேவியஸ் பீல் என்ற பியானோ உற்பத்தியாளர் 1907இல் ரகசிய மருந்துகள் பற்றிப் பெரிய விசாரணை அறிக்கை ஒன்றை அளித்தார். அவர் கவலை, பிறப்பு விகிதம் குறைகிறதே என்பது. பெண்ணின் வலி அங்கேயும் தேசத்தின் மக்கள்தொகைக் கணக்காக மாறிவிட்டது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் பீச்சம் மாத்திரையைப் பகுத்துப் பார்த்து, ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற 56 மாத்திரைகளின் சரக்கு விலை அரை ஃபார்த்திங் என்று கணக்குச் சொன்னது. ஃபார்த்திங் என்பது பென்னியில் கால் பங்கு. லண்டன் நாடாளுமன்றக் குழு இரண்டு ஆண்டு விசாரித்துத் தன் அறிக்கையை முடித்த தேதி 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் போர் அறிவித்தது. அறிக்கையை யாரும் படிக்கவில்லை.

இவற்றில் நியூசிலாந்து நாளேடுகள் இப்போது அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் மின்தொகுப்பில் கிடைக்கின்றன. ஒவ்வொரு செய்திக்கும் அங்கே தனித் தலைப்பு உண்டு. கம்பளிச் சந்தை, பந்தய முடிவு, சட்டசபை விவாதம் எதைத் தேடினாலும் தலைப்பின் வழியாகப் போய்விடலாம். விளம்பரங்களுக்குத் தலைப்பு கிடையாது. முதற்பக்க விளம்பரம், மூன்றாம் பத்தி என்று மட்டும் குறித்திருக்கும். கஞ்சிமாவும் கீட்டிங்ஸ் பொடியும் கப்பல் பெயரும் தூங்காத தாயும் அந்த ஒரே குறிப்பின்கீழ் கிடக்கிறார்கள். அவளை அவள் பெயரால் தேட முடியாது, ஏனென்றால் பெயர் தெரியாமல்தான் தேடுகிறோம். முதுகு வலி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அவளல்ல, மாத்திரையின் பெயர். ஹாலோவே, வின்ஸ்லோ, கிளெமென்ட்ஸ் என்று விற்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்து, அவர்கள் விளம்பரம் வந்த பத்தியைத் திறந்து, பெரிய எழுத்துகளைக் கடந்து, பொடி எழுத்துக்குப் போனால் அவள் பேசத் தொடங்குகிறாள். அதனால் இப்போதும் நான் அந்தப் பெயர்களைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.